எல்லையோர சுகாதார நிலையம்: எந்தக் கணக்கை நம்பி முடிவெடுப்பது?

கைக்குழந்தைகளுக்கு ஐந்து நோய்களைத் தடுக்கப் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசி, மூன்றாம் தவணை: எதிர்பார்த்த குழந்தைகள் எண்ணிக்கையில் இந்த மாதம் 113 சதவீதம். மாத அறிக்கையில் இப்படி ஓர் எண் வந்தால் பஞ்சாயத்துக் கூட்டத்தில் கைதட்டுவதா, கவலைப்படுவதா? பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி என்று தமிழ் பேசும் ஊர்கள் அடுத்தடுத்து இருக்கும் பகுதியில், இந்த எண்ணைப் பார்த்து யாரும் அசரமாட்டார்கள். பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள். குழந்தைக்கு மூன்று நான்கு மாதம் ஆகும்வரை இங்கேயே இருக்கிறாள். ஊசி இங்கே, பெயர் அங்கே. அதேபோல இங்கே பெயர் உள்ள பெண் கோயம்புத்தூரில் பிரசவித்துவிட்டு ஆறு மாதம் கழித்து வருகிறாள். இரண்டு பக்கக் கணக்கிலும் ஓட்டை.

கேரளத்தில் 1996இல், அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக்கொடுத்த மக்கள் திட்டம் வந்தபிறகு ஆரம்ப சுகாதார நிலையங்கள் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில் இருக்கின்றன. 2017இல் ஆர்த்ரம் திட்டம் தொடங்கியபின் பல நிலையங்கள் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாறி, மாலை 6 மணிவரை ஓ.பி. (புறநோயாளிகள்) பார்க்கின்றன. ஆகவே நிலையம் நன்றாக நடக்கிறதா என்று கேட்கிற உரிமையும், பதிலைக் கண்டுபிடிக்கும் வேலையும் வார்டு மெம்பரில் தொடங்கி ஆஸ்பத்திரி நிர்வாகக் குழு வரைக்கும் உண்டு. ஆனால் ஆள் குறைவு. மருத்துவ அலுவலர், ஜே.பி.எச்.என். எனும் பொதுச் சுகாதார சிஸ்டர்கள், சுகாதார ஆய்வாளர், வீடு வீடாகப் போகும் ஆஷா பணியாளர்கள் என்று எல்லோருக்கும் ஏற்கனவே எழுதித் தீராத பதிவேடுகள். எனவே அளக்கும் வழிகளில் எதற்குக் கிடைக்கிற அரைநாளைக் கொடுப்பது என்பதே முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

ஒப்பிட வசதியாக ஒரு கற்பனைப் பஞ்சாயத்தை வைத்துக்கொள்வோம்: 28,000 பேர், 7,000 வீடு, ஐந்து துணை நிலையங்கள். கீழே வருகிற கணக்குகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

மாத அறிக்கை: இலவசம், ஆனால் வகுக்கும் எண் பொய்

2008இல் தொடங்கிய மத்திய சுகாதாரத் தகவல் இணையதளத்துக்கு மாதாமாதம் அறிக்கை போகிறது. நீங்கள் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். எண்கள் ஏற்கனவே இருக்கின்றன. முதலில் கை போவது இதில்தான். எல்லையோரத்தில் முதலில் ஏமாறுவதும் இதில்தான்.

காரணம் எளிது. பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 13 என்று கொண்டால் ஆண்டுக்கு 364 பிரசவம். கருச்சிதைவு போன்றவற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டி 400 கர்ப்பிணிகள் என்று 'எதிர்பார்ப்பு' எழுதுவார்கள். மாதத்துக்கு 30 குழந்தை. 34 குழந்தைக்கு ஊசி போட்டால் 113 சதவீதம் வந்துவிடுகிறது. இந்த 30 என்பது யாரும் எண்ணிப் பார்த்ததல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கை நீட்டி வளர்த்து எழுதியது. எல்லையைத் தாண்டிப் போய் வருகிற பெண்கள் அதில் எங்குமே இல்லை.

ஆனாலும் மாத அறிக்கையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் ஒரே பதிவேட்டிலிருந்து வருகிற விகிதங்களை மட்டும் எடுத்தால் போதும். பதிவான கர்ப்பிணிகளில் எத்தனை பேர் 12 வாரத்துக்குள் பதிந்தார்கள்? முதல் தவணை ஊசி போட்ட குழந்தைகளில் எத்தனை பேர் மூன்றாம் தவணைக்கு வரவில்லை? முதல் தவணை எண்ணிலிருந்து மூன்றாவதைக் கழித்து, முதல் எண்ணால் வகுத்தால் விடுபட்டோர் விகிதம். இதை மாதக் கணக்கில் பார்க்கக் கூடாது, ஆண்டு மொத்தத்தில் பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்த மாதம் முதல் ஊசி போட்ட குழந்தையும் மூன்றாம் ஊசி போட்ட குழந்தையும் வேறு வேறு. ஆண்டுக் கணக்கிலும் இந்த விகிதம் கழித்தல் குறியோடு வந்தால் பதிவில் தவறு இருக்கலாம், அல்லது வெளியிலிருந்து வந்த குழந்தைகள் நிறைய. வேலந்தாவளம், கோபாலபுரம் சோதனைச் சாவடிகளை ஒட்டிய வார்டுகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். எனவே எங்கள் பக்கத்தில் இந்த எண்ணை இடம்பெயர்வின் அளவுகோலாகப் படிப்பது நல்லது.

முன்கூட்டிப் பதிந்த கர்ப்பிணிகள் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. ஏழாம் மாதம் தாய்வீடு வந்து இங்கே முதல்முறை பதிகிற பெண் 'தாமதப் பதிவு' ஆகிவிடுகிறாள். ஆனால் தமிழ்நாட்டில் அவளுக்கு பிக்மி எண் (கர்ப்பிணிகளைப் பதியும்போது தரும் எண்) ஏற்கனவே இருக்கும். பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண்ணைக் கேட்பதால் அநேகமாக எல்லோரும் வைத்திருப்பார்கள். பதிவேட்டில் 'அந்தப் பக்கம் பதிந்தவர்' என்று ஒரு பத்தி போட்டு, எண்ணையும் முதல் பதிவுத் தேதியையும் எழுதிக்கொண்டால் தாமதம் யாருடையது என்று தெளிவாகிவிடும்.

இன்னொன்று, மறுஎண்ணிக்கை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது மூன்று இனங்களை எடுத்து, மூலப் பதிவேட்டை ஒருவர் வாசிக்க இன்னொருவர் கோடு போட்டு எண்ண வேண்டும். எண்ணிக் கிடைத்ததை அறிக்கையில் உள்ளதால் வகுங்கள். 0.9க்கும் 1.1க்கும் நடுவே இருந்தால் சரி. அறிக்கையில் 52, பதிவேட்டில் 41 என்றால் 0.79, மிகைப்படுத்தல். பொய் எழுத வேண்டும் என்று யாரும் எழுதுவதில்லை. துணை நிலையத்தில் பார்த்த பெண்ணை அங்கேயும் எண்ணி, ஸ்கேனுக்கு இங்கே வந்தபோது இங்கேயும் எண்ணியிருப்பார்கள். நான்கு முறை வந்த பெண் ஒருத்தி என்பதற்குப் பதில் நான்கு வருகை என்று கூட்டியிருப்பார்கள். வெற்றிடமாக விட்ட கட்டமும் பூஜ்யம் எழுதிய கட்டமும் ஒன்றல்ல என்பதையும் ஒருமுறை உட்கார்ந்து சொல்லிவிட வேண்டும். கணினியில் இரண்டும் வேறு பொருள் தரும்.

தரச்சான்று மதிப்பெண்: கட்டடத்துக்கு நல்லது

தேசிய தர உறுதிச் சான்றின் சரிபார்ப்புப் பட்டியல் எட்டுப் பகுதிகளாக இருக்கும்: சேவைகள், நோயாளி உரிமை, இடுபொருள், துணைச் சேவை, மருத்துவப் பராமரிப்பு, தொற்றுக் கட்டுப்பாடு, தர மேலாண்மை, விளைவு. ஒவ்வொரு புள்ளிக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். நேரில் பார்ப்பது, ஊழியரைக் கேட்பது, பதிவேட்டைப் புரட்டுவது, நோயாளியிடம் பேசுவது என நான்கு வழியில் ஆதாரம் தேடுவார்கள். 70 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். சான்று மூன்றாண்டு செல்லும். 2015இல் வந்த காயகல்ப் இதன் சின்னத் தங்கை மாதிரி. தூய்மையும் தொற்றுத் தடுப்பும்தான் அதன் மையம்.

இதில் கிடைக்கிற ஆதாயத்தை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. கை கழுவும் இடத்தில் தண்ணீர் வருகிறதா, ஊசிக் கழிவு துளைக்காத வெள்ளைப் பெட்டிக்குப் போகிறதா, மஞ்சள் பையில் எது போடலாம் என்று துப்புரவுப் பணியாளருக்குத் தெரியுமா என்பதெல்லாம் கேட்கப்படுகின்றன. பஞ்சாயத்துப் பணத்தில் சாய்தளம், கழிப்பறை, காத்திருப்புக் கூடம் கட்ட வேண்டுமென்றால் இதைவிடச் சிறந்த காரணப்பட்டியல் கிடைக்காது.

பிரச்சினை வேறு இடத்தில். மதிப்பீட்டாளர் வரும் தேதி தெரிந்த பரீட்சை இது. ஒன்றை மட்டும் கிட்டே போய்ப் பாருங்கள்: தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டிமேல் ஒட்டியிருக்கும் வெப்பநிலைத் தாள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஞாயிறு உட்பட தினம் இருமுறை எழுத வேண்டும். ஒரு மாதம் முழுக்க காலை 4 டிகிரி, மாலை 4 டிகிரி, ஒரே பேனா, ஒரே சாய்வில் கையெழுத்து என்றால் அது ஒரே உட்காரலில் எழுதியது. உண்மையான தாளில் 3.5 இருக்கும், 5.8 இருக்கும், கரண்ட் போன மத்தியானம் 7 இருக்கும், மை மாறும். பட்டியலில் 'தாள் பராமரிக்கப்படுகிறதா' என்று மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் 2 மதிப்பெண்தான்.

இன்னொரு குறை அடிப்படையானது. கதவுக்குள் என்ன நடக்கிறது என்பதை இந்த முறை விரிவாகச் சொல்லும். சர்க்கரை நோயோடு இருக்கிற 40 வயது கள்ளிறக்கும் தொழிலாளி கதவுக்குள் வந்தாரா என்பதைச் சொல்லாது.

நோயாளித் தொடர்கணக்கு: எங்கள் முதல் தேர்வு

இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி 2017 நவம்பரில் தொடங்கியபோது முதலில் சேர்ந்த மாநிலங்களில் கேரளமும் ஒன்று. அதன் கணக்கு முறை எளிமையானது. கணினி இல்லாமலும் செய்யலாம். இங்கே வகுக்கும் எண் ஊகமல்ல, உங்கள் நிலையத்தில் நீங்களே பெயர் எழுதிய ஆட்கள். எல்லைப் பகுதிக்கு இதுதான் இதன் பெரிய பலம்.

கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று. மூன்று மாதத்துக்கு முன்பே பதிந்தவர்களில், இந்த மூன்று மாதத்தில் கடைசியாக வந்தபோது அழுத்தம் 140/90க்குக் கீழே இருந்தவர் எத்தனை பேர்? நம் பஞ்சாயத்தில் 620 பேர் என்று வையுங்கள். 248 பேர் கட்டுக்குள் (40 சதவீதம்). 155 பேர் வந்தார்கள், அழுத்தம் இறங்கவில்லை (25). 217 பேர் வரவே இல்லை (35). இரண்டாவது குழுவுக்கு மருத்துவர் மாத்திரையைக் கூட்ட வேண்டும். மூன்றாவது குழுவுக்கு யாராவது போன் செய்ய வேண்டும். ஒரே எண் இரண்டு வேலைகளை இரண்டு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. மாத அறிக்கையில் இருக்கும் 'ரத்த அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றோர்' என்ற மொத்த எண்ணைக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

காகிதத்திலேயே செய்ய 12 அறை உள்ள ஒரு மரப்பெட்டி போதும். ஆளுக்கு ஓர் அட்டை. இன்று வந்தவரின் அட்டையை அவர் அடுத்து வரவேண்டிய மாதத்தின் அறையில் போடுங்கள். மாதக் கடைசியில் அந்த அறையில் மிச்சமிருப்பவை வராதவர்களின் அட்டைகள். தனியாகத் தேட வேண்டியதே இல்லை. காலாண்டுக்கு ஒருமுறை 620 அட்டையையும் மூன்று குவியலாகப் பிரிக்க, அட்டைக்கு 20 விநாடி என்றால்கூட மூன்றரை மணி நேரம். இரண்டு பேர் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும்.

எங்கே கெட்டுப்போகும்? முதலில் அளவிலேயே. ஐந்து நிமிடம் உட்காரவைத்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேச்சுக் கொடுக்காமல் எடுக்க வேண்டும். 150 பேர் வரிசையில் நிற்கும் திங்கட்கிழமை இது நடப்பதில்லை. நடக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. தொடர்ச்சியான 50 அட்டைகளில் மேல் எண்ணின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். தானியங்கிக் கருவியில் பூஜ்யத்தில் முடிவது சுமார் 5 இருக்க வேண்டும். 25 இருந்தால் கருவி அலமாரியில் இருக்கிறது, எண்கள் கண்ணால் மதிப்பிடப்படுகின்றன. 138 என்ற எண் மட்டும் வரிசையாக வந்துகொண்டிருந்தால், 140 என்ற எல்லை ஊழியர் மனதில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். இலக்கு வைத்துத் திட்டினால் இந்த 138கள் கூடும். கட்டுப்பாட்டு விகிதத்தை வைத்து யாரையும் கூட்டத்தில் நிற்கவைத்துக் கேட்காதீர்கள் என்று நாங்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அடுத்து, வகுக்கும் எண்ணைச் சுருக்குவது. 217 பேரையும் 'இடம்பெயர்ந்தார்' என்று கழித்துவிட்டால் கட்டுப்பாடு ஒரே நாளில் 62 சதவீதமாகிவிடும். இதற்கு விதி தேவை. 12 மாதம் தொடர்ந்து வராதவரைத்தான் கணக்கிலிருந்து எடுக்கலாம். இறந்தவரை உறுதி செய்து எடுக்கலாம். 'அந்தப் பக்கம் மருந்து வாங்குகிறார்' என்று எழுத, அவர் கையில் இருக்கும் பொள்ளாச்சி அரசு ஆஸ்பத்திரிச் சீட்டையோ, மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் தந்த மருந்தையோ ஆஷா கண்ணால் பார்த்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி, வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் மகள் வீட்டில் மாதக்கணக்கில் தங்கும் பெரியவர்களுக்கு அது வசதி. ஆபத்தும் இங்கேதான். இரண்டு பக்கமும் கொடுப்பது அம்லோடிபின் என்ற அதே பிரஷர் மாத்திரை. மாத்திரை அட்டையும் நிறமும் வேறு. வேறு வேறு மாத்திரை என்று நினைத்து இரண்டையும் போட்டுக்கொள்வார்கள். கால் வீக்கம் என்று வருகிறவரிடம் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டையையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கடைசியாக மருந்து இருப்பு. கட்டுப்பாடு 40இலிருந்து 31க்கு இறங்கினால் ஊழியரைக் கேட்கும் முன் இருப்புப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். பத்து முக்கிய மருந்துகளுக்கு, மாதத்தில் எத்தனை நாள் இருப்பு பூஜ்யமாக இருந்தது என்று ஒரு வரி போதும். கொள்முதலில் ஒரு கண்ணுக்குத் தெரியாத கண்ணி இருக்கிறது: போன மாதச் செலவை வைத்து அடுத்த மாதம் கேட்பது. வந்தவர் 403 பேர், தினம் ஒரு மாத்திரை என்றால் மாதம் 12,090. அதை வைத்து இண்டென்ட் (மருந்துக் கோரிக்கை) போட்டுவிட்டு, இன்னொரு பக்கம் ஆஷாக்களை அனுப்பி வராத 217 பேரையும் வரவழைத்தால் தேவை 18,600. இருபதாம் தேதி மருந்து தீர்ந்துவிடும். அழைத்து வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதைவிட அழைக்காமலே இருந்திருக்கலாம். இனி ஆஷா சொல்வதை அவர்கள் நம்பமாட்டார்கள். ஆகவே வராதவர்களை அழைக்கும் மாதத்துக்கு இரண்டு மாதம் முன்பே இண்டென்டைக் கூட்ட வேண்டும்.

19 வீடு: கதவுக்கு வெளியே பார்க்க

தொடர்கணக்கின் குறை, அது பதிந்தவர்களோடு நின்றுவிடுவது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி கேரளத்தில் 15 வயது தாண்டியவர்களில் பத்துக்கு மூன்று பேர் உயர் இரத்த அழுத்தத்தோடு, அல்லது அதற்கான மாத்திரையோடு இருக்கிறார்கள். 28,000 பேரில் 15 தாண்டியவர் 22,000 என்றால், 6,600 பேர். நம் பெட்டியில் இருப்பது 620 அட்டை. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவர்கள் தனியார் மருத்துவரிடமா, பொள்ளாச்சியிலா, அல்லது அழுத்தம் இருப்பதே தெரியாமலா? வீட்டுக்குப் போய்க் கேட்டால்தான் தெரியும்.

இந்த ஆய்வின் மாவட்ட எண் இதற்கு உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அட்டப்பாடி மலையும் பாலக்காடு டவுனும் நம் ஊரும் சேர்ந்த சராசரி அது. கூட்டத்தில் அதைக் காட்டி நம் நிலையத்தைப் பாராட்டுவதும் திட்டுவதும் வீண்.

பஞ்சாயத்து அளவுக்கு ஏற்றது, தொழிற்சாலைத் தரச் சோதனையிலிருந்து சுகாதாரத் துறைக்கு வந்த, 19 பேரை மட்டும் சாம்பிளாக எடுக்கும் முறை. ஒவ்வொரு துணை நிலையப் பகுதியிலும் 19 பேர். இலக்கு 80 சதவீதம் என்றால், 19இல் 13 பேராவது 'ஆம்' சொல்ல வேண்டும். 12 என்றால் அந்தப் பகுதி இலக்கை எட்டவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து பகுதியின் 95 பேரையும் சேர்த்தால் பஞ்சாயத்து முழுமைக்கும் கூடவோ குறையவோ பத்துப் புள்ளி பிழையோடு ஒரு சதவீதம் கிடைக்கும். 12ஐ 19ஆல் வகுத்து '63 சதவீதம்' என்று எழுதுவது தவறு. 19 பேரிலிருந்து சதவீதம் வராது, தேறியதா இல்லையா என்ற தீர்ப்பு மட்டும்தான் வரும். அந்தத் தீர்ப்பும், உண்மை நிலை 80க்கு மேலேயோ 50க்குக் கீழேயோ இருந்தால் பத்தில் ஒன்பது முறைக்கு மேல் சரியாக இருக்கும். உண்மை 65 பக்கம் இருந்தால் பூவா தலையாதான்.

வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குவார்கள். ரோட்டோரத்து வீடுகளும் ஆஷாவுக்குத் தெரிந்த வீடுகளும் வந்துவிடும். பஞ்சாயத்து வீட்டுவரிப் பதிவேட்டை எடுங்கள். ஒரு பகுதியில் 1,400 வீடு. 19ஆல் வகுத்தால் இடைவெளி 73. பையிலிருக்கும் ஒரு ரூபாய் நோட்டின் வரிசை எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். 46 என்றால் 46ஆம் வீடு, பிறகு 119, 192 என்று போய் 1,360இல் முடியும். 73க்கு மேலோ இரட்டைப் பூஜ்யமோ வந்தால் வேறு நோட்டு. சாட்சிக்கு ஒரு மெம்பரை உட்காரவைத்து நோட்டை எடுக்கச் சொன்னால், அப்புறம் 'என் வார்டை மட்டும் ஏன்' என்ற சண்டை வராது.

போகும் நேரம் முக்கியம். தென்னந்தோப்புக்கும் செங்கல் சூளைக்கும் போனவர்கள் பகலில் இருக்கமாட்டார்கள். காலை 10 மணிக்குப் போனால் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும்தான் கிடைப்பார்கள்; அவர்கள்தான் நிலையத்துக்கு ஏற்கனவே வருகிறவர்கள். முடிவு பொய்யாக நன்றாகத் தெரியும். மாலை 6 மணிக்கு மேல், பூட்டியிருந்தால் இன்னொரு நாள், அப்போதும் இல்லையென்றால்தான் பக்கத்து வீடு. எத்தனை வீட்டை மாற்றினோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். யார் 'இந்த ஊர்க்காரர்' என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்: ரேஷன் கார்டு எங்கே என்பதல்ல, கடந்த ஆறு மாதத்தில் பெரும்பகுதி எங்கே தூங்கினார் என்பதே கணக்கு. ஓணம், தீபாவளி, பொங்கல் வாரங்களில் இதை வைக்காதீர்கள். பாதி ஊர் இடம் மாறியிருக்கும்.

கேள்வி நான்குக்கு மேல் வேண்டாம். 30 வயது தாண்டிய ஒருவரிடம்: கடந்த ஒரு வருடத்தில் பிரஷர் பார்த்தீர்களா? பிரஷர் இருக்கிறது என்று சொன்னார்களா? நேற்று மாத்திரை போட்டீர்களா, அட்டையைக் காட்டுங்கள். எங்கே வாங்குகிறீர்கள்? இங்கே இன்னொரு குழி. 'மாத்திரை போடுகிறாரா' என்ற கேள்வி பிரஷர் உள்ளவருக்குத்தான் பொருந்தும். 19 பேரில் அப்படி ஆறேழு பேர்தான் தேறுவார்கள். ஆறு பேருக்கு 13 என்ற விதி செல்லாது. அதற்குத் தனியாக, பிரஷர் இருப்பது தெரிந்த 19 பேர் வேண்டும். தேர்ந்த வீட்டில் இல்லையென்றால் அடுத்தடுத்த வீட்டில் கேட்டுக்கொண்டே போனால் இரண்டு மூன்று வீட்டுக்குள் கிடைத்துவிடுவார்கள்.

குழந்தைத் தடுப்பூசிக்கு இந்த முறையைப் பஞ்சாயத்து கையில் எடுக்க வேண்டாம். ஆண்டுக்கு 364 பிரசவம், 7,000 வீடு என்றால் ஒன்றுமுதல் இரண்டு வயதுக்குள் ஒரு குழந்தையைக் கண்டுபிடிக்க 19 வீடு தட்ட வேண்டும். ஒரு பகுதிக்கு 19 குழந்தை என்றால் 360 வீட்டுக்கு மேல். அங்கன்வாடிப் பட்டியலிலிருந்து எடுக்கலாமே என்று தோன்றும். ஊசி போடாத குழந்தை பெரும்பாலும் அந்தப் பட்டியலிலும் இருக்காது.

கணக்கெடுப்பவர் அந்த வார்டு ஆஷாவாக இருக்கக் கூடாது. மூன்றாம் வார்டு ஆஷா ஒன்பதுக்குப் போகட்டும், அல்லது குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் போகட்டும். படிவம் தமிழில் இருக்க வேண்டும். இந்த ஊர்களில் மலையாளம் பேசாதவர் குறைவு. வாசிப்பது தமிழ்தான் என்பவர் நிறைய.

வாசல் பேட்டி

ஓ.பி.யிலிருந்து வெளியே வருகிற 20 பேரை மாதம் ஒரு காலை கேட்பது மலிவானது. 'திருப்தியா?' என்று மட்டும் கேட்காதீர்கள். அடுத்த மாதமும் வரவேண்டியவர் 'நல்லாத்தான் பாக்கறாங்க' என்றுதான் சொல்வார். எத்தனை மருந்து எழுதினார்கள், எத்தனை கையில் கிடைத்தது, ஓ.பி. சீட்டு எடுத்தது எத்தனை மணிக்கு என்று கேட்டால் பொய்க்கு இடமில்லை. எழுதியதில் கிடைத்த பங்கு மருந்து இருப்புப் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவே இது முக்கியமாகப் பயன்படும். மாலை ஓ.பி.க்கு யார் வருகிறார்கள் என்பதையும் இதில்தான் பிடிக்கலாம்.

எதை எடுப்பது

எங்கள் முடிவு இது. தொடர்கணக்கு முதுகெலும்பாக, காலாண்டுக்கு அரைநாள். மருந்து இருப்பு வரி மாதாமாதம். 19 வீடு ஆண்டுக்கு இருமுறை, பெரியவர்களின் பிரஷர், சுகருக்கு மட்டும். ஐந்து பகுதிக்கும் இரண்டிரண்டு பேராக ஒரு வாரம் ஆகும். மாத அறிக்கையிலிருந்து விடுபட்டோர் விகிதம், 12 வாரப் பதிவு, மறுஎண்ணிக்கை ஆகிய மூன்றை மட்டும். தரச்சான்றுக்கு விண்ணப்பிப்பது, அடுத்த மூன்றாண்டு அதைத் தாங்கிப்பிடிக்க ஆளும் பணமும் ஒதுக்கியபிறகு. அதுவரை அதன் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பகுதியைப் பிய்த்தெடுத்து, தேதி சொல்லாமல், நாமே ஓட்டிப் பார்க்கலாம்.

பிரசவம் நடக்கிற நிலையமாக இருந்தால் இந்த வரிசை மாறும். அங்கே தரச்சான்று முதலில் வர வேண்டும், ஏனென்றால் பிரசவ அறையில் ஒரு குறை உயிரை வாங்கும். தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளிலும் மாறும். லயங்கள் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள்) வரிசையாக எண்ணிட்டு இருப்பதால் 19 வீடு அங்கே இன்னும் சுலபம்; ஆனால் ஓய்வுபெற்றதும் தேனிக்கோ திருநெல்வேலிக்கோ போய்விடுகிற நோயாளிகளால் தொடர்கணக்கில் 'வராதவர்' குவியல் வீங்கும். ஆந்திரத்தின் நகரி, குப்பம் பக்கத்திலும் இதே வீக்கம் இருக்கும். திருத்தணிக்கும் கிருஷ்ணகிரிக்கும் போய் வருகிறவர்கள் அவர்கள்.

அந்தக் குவியலைக் குறைக்க ஒரு வேலை இருக்கிறது, செலவில்லாதது. நோயாளி அட்டையின் பின்பக்கத்தில் இரண்டு பத்தி: தேதி, 'எங்கே வாங்கினேன்'. எந்தப் பக்கத்து ஊழியரும் எழுதலாம். கூடவே மாத்திரையின் பெயரும் மி.கி. அளவும் தமிழில். அட்டை நோயாளியிடமே இருக்கும், நிலையத்தில் இருப்பது அதன் நகல். அடுத்த முறை வரும்போது சிஸ்டர் பின்பக்கத்தைப் பார்த்து நகலில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுங்கள். மடியில் முடிந்து வைத்த அட்டை ஆனி ஆடி மழைக்கு நிற்காது.